கையுறைப் பெட்டிக்குள் ஒரு சீட்டு

இந்த முறையும் 'இல்லை' என்றே எழுதிவிட்டால் என்ன? டீ நமக்கு, மூக்கு உடைவது டாக்டருக்கு. வழக்கம்தானே.

விந்தணுவைத் தேடி அறுவை சிகிச்சை நடக்கும் நாட்களில் அந்த மருத்துவமனையில் ஒரு விளையாட்டு உண்டு. கிடைக்குமா, கிடைக்காதா என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிக் காலியான கையுறைப் பெட்டியில் போடுவார்கள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். கத்தி பிடிக்கும் டாக்டர் எப்போதும் 'உண்டு'. எடுத்து வரும் திசுவை லேபில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் துழாவும் அவள் எப்போதும் 'இல்லை'. ஒன்பது முறையில் ஏழு முறை ஜெயித்ததில் 'ஜோசியக்காரி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஜோசியமும் இல்லை, ஒன்றும் இல்லை. மற்ற இடங்களில் கைவிரித்து அனுப்பப்பட்டவர்களே இங்கே அதிகம் வருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்றாலே பாதிக்கு மேல் பலிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெயர் பிடித்திருந்தது.

இன்றைக்கு வந்திருப்பவர் ஒரு தச்சர். ஹார்மோன் அளவு, விரையின் அளவு, வயது எல்லாம் போட்டுப் பார்த்ததில் கிடைக்கும் வாய்ப்பு முப்பத்தெட்டு சதவீதம் என்றது கணினி. மேசைக்கு முப்பத்தெட்டு சதவீதம் கால் வைத்து யாராவது செய்வார்களா என்று தச்சர் டாக்டரையே கேட்டாராம். 'வானொலி' என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ், அந்த நேரம் பார்த்து லேப் ஜோசியக்காரியின் பெருமையை ஒலிபரப்பிவிட்டாள். அவ்வளவுதான். பச்சை அங்கியோடு தச்சர் கட்டிலில் சம்மணம் போட்டுவிட்டார். அந்த அம்மா 'உண்டு' என்றால் படுப்பாராம், 'இல்லை' என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

அவர் மனைவி லேப் வாசலில் வந்து நின்றாள். இங்கே கூட்டிவரவே எட்டு வருஷம் ஆனது, இன்று எழுந்து போனால் இந்த ஜென்மத்தில் திரும்பி வரமாட்டார் என்றாள்.

"உங்களுக்கு என்ன தோணுதோ அது எனக்கு வேணாம்க்கா. 'உண்டு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். பொய்யா இருந்தா பழி எம்மேல."

அந்த மனைவியோடு தச்சரின் கட்டிலை நோக்கி நடந்தபோது, சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஜோசியக்காரிக்கு இருந்தது. ஆனால் போன மாதம் நினைவுக்கு வந்தது. அன்றும் 'இல்லை' என்று எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு மணி நேரம் தேடியதும் கண் கடையைக் கட்டிவிட்டது. அடுத்த ஷிப்டுக்காரி வந்து, மிச்சமிருந்த கடைசித் திசுத் தட்டைப் பார்த்தாள். உயிரோடு இரண்டு நெளிந்துகொண்டிருந்தன. ஜோசியக்காரி சறுக்கிவிட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். டீ வாங்கித் தந்து அவளும் சிரித்தாள். குடிக்கத்தான் முடியவில்லை. சீட்டு எழுதிய கைதான் கண்ணையும் மூடியிருக்கிறது. 'உண்டு' என்று சொல்லிவிட்டுப் போனால் மட்டும் என்ன? தூசியெல்லாம் வால் முளைத்து நீந்தும்.

தச்சர் அவளைப் பலகை வாங்க வந்தவர் போல மேலும் கீழும் பார்த்தார்.

"மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ள பூச்சி இருக்கான்னு நான் சொல்லிடுவேன். உங்களுக்கு அப்படித் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. இத்தனை நாள் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

வானொலி வாயைப் பிளந்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஆயுசில் ஒரு தடவையாவது இவள் வாயால் 'உண்டு' கேட்டுவிடுகிறேனே, இன்றைய டீ என் செலவு என்று கெஞ்சினார்.

"நீங்க படுத்தா, கடைசித் தட்டு வரைக்கும் தேடுவேன்," என்றாள் தச்சரிடம். "எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி."

"அது இருக்கட்டும். உண்டா, இல்லையா?"

மனைவி அவள் முழங்கையைத் தொட்டாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு அவள் மெல்லச் சொன்னாள்.

"அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்ணே."