அண்ணியின் பச்சைப் புள்ளி

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று புள்ளிகள். அண்ணன் நீலம், அண்ணி பச்சை, நான் மஞ்சள். அண்ணனின் போனில் ஊரின் வரைபடம் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அதில் நாங்கள் மூவரும் எறும்புகள்போல ஊர்ந்துகொண்டிருப்போம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேமரா மாட்டிக்கொடுப்பது அவன் தொழில். மிச்சமான கேமராக்கள் வீட்டுக்கு வந்துவிடும். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று. அவனுக்கு நான் வைத்த பெயர் 'கன்ட்ரோல் ரூம்'.

ஆள் கெட்டவன் இல்லை. ஒருமுறை அண்ணி தெருவில் மயங்கி விழுந்து, யாரோ தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில், எங்களுக்குத் தகவலே இல்லாமல் சாயங்காலம் வரை கிடந்தாள். அன்றைக்கு அவன் அலைந்த அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பச்சைப் புள்ளிதான் அவனுக்கு உயிர். அது வேகமாகப் போனால் போன் செய்வான், நின்றாலும் போன் செய்வான்.

"ஏன் ஒரே இடத்துல நிக்கிற?"

"லிஃப்டுக்கு நிக்கிறேங்க."

இந்த லட்சணத்தில்தான் அண்ணி பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

தையல் வகுப்புக்குப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. தையல் வகுப்பு மாடியில். கீழே கனரக வண்டி ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி. புள்ளிக்கு மாடி தெரியாது, கீழே தெரியாது. அண்ணியின் போன் தையல் டீச்சரின் மேஜை டிராயரில் சமர்த்தாகப் படுத்திருக்க, அண்ணி ஊரைச் சுற்றி லாரி ஓட்டிக்கொண்டிருப்பாள். பல மாதமாக ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட எதையும் தைத்துக் கொண்டுவராதவளை, அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புள்ளி சரியான இடத்தில் இருந்தால் அவனுக்குப் போதும்.

லைசென்ஸ் வந்தது. நகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று விளம்பரமும் வந்தது. டிப்போவில் ஓட்டிக் காட்ட வேண்டிய நாளைச் சொல்லி அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடலாமே அண்ணி. அவன் வேணாம்னா சொல்லப்போறான்?"

"சொல்ல மாட்டாரு. ஆனா பாத்துக்கிட்டே இருப்பாரு. அவரு பாக்குறாருன்னு தெரிஞ்சா எனக்குக் கை ஓடாது. தோத்தாலும் எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு தடவை தோத்துப் பாக்கணும். இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து எனக்கே எனக்குன்னு ஒண்ணுமே நடக்கல."

அதற்குமேல் நான் திட்டம் போடுவதில் இறங்கிவிட்டேன்.

அன்றைக்குத் தையல் வகுப்பு விடுமுறை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமென்றால் கூடத்துக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பச்சைப் புள்ளி வெளியே உலாவ வேண்டும். அதைச் சுமந்துகொண்டு நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவேன். டிப்போ வாசலில் போனுக்கு வரும் எண்ணைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், அதனால் என் போன் அண்ணியிடம். மஞ்சள் டிப்போவில் நிற்பதற்கும் காரணம் தயார். நான் லேபில் ரத்தம் எடுப்பவள். டிப்போ ஊழியர்களுக்கு நாளைக்கு ரத்தப் பரிசோதனை என்று முதல் நாளே அண்ணன் காதில் போட்டு வைத்தேன். எப்பேர்ப்பட்ட மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கேமராக் கண்ணுக்கு எட்டாத மாடிப்படித் திருப்பத்தில் போன்களை மாற்றிக்கொண்டோம். அண்ணி இறங்கிப் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைவதற்குள் அண்ணியின் போனில் முதல் செய்தி வந்துவிட்டது. 'என்ன இவ்ளோ வேகம்? யாராவது துரத்துறாங்களா?'

அட, அண்ணி ஆடி அசைந்து நடப்பவள், நான் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். இதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். 'வெயில்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அண்ணி நீட்டி முழக்கமாட்டாள். அதன்பிறகு சோப்பு வரிசைக்கும் பருப்பு வரிசைக்கும் நடுவே ஆமை மாதிரி நடந்தேன்.

கையில் ஒரு சாமானும் இல்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றி வருபவளைக் கடையின் செக்யூரிட்டி சும்மா விடுவாரா? நான் சோப்பு வரிசையில் திரும்பினால் அவரும் திரும்பினார். நான் நின்றால் அவரும் நின்று மேலே பார்த்தார். அங்கே ஒரு கேமரா. அதை மாட்டியவன் என் அண்ணனாகக்கூட இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக ஐந்தாறு சோப்புகளை அள்ளிக் கூடையில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். வெட்டினேன். மறுபடி வந்தது. மறுபடி வெட்டினேன். செக்யூரிட்டி நெருங்கிவிட்டார். விரல்கள் தாமாகவே தட்டின.

'பில் போடறாங்க அண்ணா. அப்புறம் பேசறேன்.'

அனுப்பிய பிறகுதான் படித்தேன். அண்ணா. சோப்புக் கூடை கையிலிருந்து நழுவியது. அழிக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. 'ஏங்க' என்று ஆரம்பித்து 'ஏங்க' என்று முடிப்பவள் என் அண்ணி. கட்டின புருஷனை அண்ணா என்று கூப்பிடும் பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்?

பதில் வரவில்லை. கேள்வி வரவில்லை. போனும் வரவில்லை. கன்ட்ரோல் ரூம் வாயை மூடிக்கொண்டால் அதைவிடப் பயங்கரம் கிடையாது. அண்ணியை எச்சரிக்கலாம் என்றால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவளை எப்படிக் கூப்பிடுவது? சோப்பாவது மண்ணாவது என்று வெளியே ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏறினேன்.

"டிப்போவுக்கு விடுங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா."

பச்சைப் புள்ளி பறக்கட்டும். இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

டிப்போவின் உயரமான மதிலுக்கு எதிரே அண்ணனின் வேன் நின்றிருந்தது. உள்ளே அவன் போனை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினேன். அவன் திரும்பவே இல்லை.

"திட்டறதுன்னா திட்டிடு," என்றேன்.

"என் பொண்டாட்டி என்னை அண்ணான்னு கூப்பிட்டா."

"தெரியும்."

"உடனே மஞ்சளைப் பாத்தேன். டிப்போ மைதானத்துல ரிவர்ஸ்ல போகுது. எந்த ஊருல ரத்தம் எடுக்கறவ ரிவர்ஸ்ல போவா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது, ஆனால் உதட்டோடு நின்றது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன், கை ஓடாது என்பதிலிருந்து தோத்துப் பார்க்கணும் என்பதுவரை. அவன் போனை அணைக்கவில்லை.

மதிலுக்கு மேலே எதுவும் தெரியவில்லை. இன்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. திரையில் மஞ்சள் புள்ளி ஒரு வளைவு எடுத்தது, இன்னொன்று எடுத்தது. பார்க்கக்கூடாது என்று அவனுக்கு உபதேசம் செய்யவேண்டிய நானும் வெட்கமில்லாமல் குனிந்து பார்த்தேன்.

"அது மேடு," என்றான் அண்ணன். "இங்க கேமரா மாட்ட வந்தப்ப பாத்திருக்கேன். மேட்டுல பாதியில நிறுத்தி, பின்னாடி உருளாம திரும்ப எடுக்கணும். அதுதான் கஷ்டம்."

புள்ளி மேட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இன்ஜின் சத்தமும் நின்றுபோனது. அண்ணனின் கட்டைவிரல் போன் பட்டனை நோக்கி நகர்ந்தது.

"பண்ணாத," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். மதிலுக்கு அப்பால் இன்ஜின் ஒருமுறை செருமியது, பிறகு உறுமியது. மஞ்சள் புள்ளி மேட்டில் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கியது. அண்ணன் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டிய தட்டில் ஹாரன் அலறித் தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணி கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். அவளா ஆடி அசைந்து நடப்பவள்? கால் தரையில் பாவவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. அப்போது எங்கள் வேனைப் பார்த்தாள். அவள் நடை தளர்ந்தது. அண்ணன் குதித்து இறங்கி ஓடினான்.

"பாஸா?"

"பாஸுங்க," என்றாள்.

சந்தோஷத்தில் அவனுக்கு நிதானம் போய்விட்டது. "எனக்கு அப்பவே தெரியும். ஆமா, மேட்டுல ஏன் அவ்வளவு நேரம் நின்ன? வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

அண்ணியின் சிரிப்பு அப்படியே வடிந்தது.

"அதையும் பாத்துட்டீங்களா?"

அண்ணன் கையிலிருந்த போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீங்க பாக்கக்கூடாதுன்னு இல்லீங்க," என்றாள் அண்ணி. அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். பஸ்ல உக்காந்து, எதை மொதல்ல சொல்றது, எதைச் சொல்லாம விடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே வரணும்னு இருந்தேன். எனக்கு முன்னாடி எல்லாம் உங்ககிட்ட வந்து சேந்துடுது. நான் கொண்டுவர எதுவுமே மிச்சமில்ல."

எனக்கும் சேர்த்து விழுந்த அடி அது. என் போனை வாங்கிக்கொண்டு அவள் போனைக் கொடுத்தேன்.

அண்ணன் அங்கேயே நின்று திரையைத் தட்டினான். பச்சைப் புள்ளியை நீக்கவா என்று போன் கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்டது. அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி நாள் ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் அழுத்தினான். என் மஞ்சளையும் நீக்கினான்.

"நீ பஸ்லயே வா," என்றான் அண்ணியிடம். "நாங்க உன்னைப் பாக்கவே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிக் கூடத்துக் கேமராவின் வயரைப் பிடுங்கினான். பிறகு ஆரம்பித்தது கூத்து. ஜன்னலுக்குப் போவான், வருவான். போனை எடுப்பான், வரைபடத்தில் தன் ஒற்றை நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டு வைப்பான். "பஸ் கிடைச்சிருக்குமா? மயக்கம் கியக்கம் வந்திருக்குமோ?" எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நினைக்க நினைக்க எனக்குப் பயமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

மணி அடித்தது. அண்ணன் கதவருகே ஓடி, நின்று, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, சாவகாசமாகத் திறப்பவன் மாதிரி திறந்தான்.

அண்ணி வாசலில் நின்றாள். கன்னமெல்லாம் சிவந்து, கண் பளபளத்தது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு," என்றான், ஒன்றும் தெரியாதவனாக.

தையல் வகுப்பின் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். உட்காரவே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று கையால் கியர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், உடம்பைத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தாள். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டான். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் புள்ளியில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே இல்லை. கடைசியில் மேடு வந்தது.

"மேட்டுக்குப் போனேன்," என்றாள். அண்ணனைப் பார்த்தாள். உதட்டோரம் மெல்லச் சிரித்தாள். "அப்புறம் இறங்கினேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.