மாமியாருக்கு ஒரு காரணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்து கதை எழுதும் ஃபாயிஸாவுக்கு, கொடுமைக்கார மாமியாரைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கக் கத்தும் சௌதா மாமியை அப்படியே கதையில் இறக்கினாள்.

பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: "எந்நேரமும் கொட்டிக்கிட்டே இருக்க அவங்க என்ன தேளாம்மா? ஏன் அப்படி ஆனாங்க? ஒரு காரணம் இருந்தாத்தான் மனுஷி."

அன்றிலிருந்து சாயங்காலம் டீயோடு மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் ஃபாயிஸா.

"சின்ன வயசுல என்ன கஷ்டப்பட்டீங்க மாமி?"

"ஒண்ணுமில்லட்டி."

மூன்று நாளும் இதே பதில். நாலாம் நாள் மாமி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்போடு அத்தா படிப்பை நிறுத்தியது, புத்தகங்களை அடுப்பில் போட்டது, எரியாமல் மிஞ்சிய ஒரே ஒரு தாளை அவள் தலையணைக்குள் வைத்துத் தைத்தது. கேட்டு ஃபாயிஸா அழுதாள். மாமியும் அழுதாள். அதற்குப் பிறகு உப்பைப் பற்றிய பேச்சே வீட்டில் எழவில்லை.

கதை அச்சில் வந்தது. "அந்தத் தலையணை கற்பனையில வராதும்மா, வாழ்ந்தாத்தான் வரும்" என்றார் ஆசிரியர்.

வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்த நாத்தனார் ஹஸீனா வந்தபோது அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்கு மைனி! எங்க நன்னா, அதான் எங்கம்மாவோட அத்தா, இவியளத் தெனமும் சைக்கிள்ல கொண்டுபோய் பள்ளிக்கூடத்துல விடுவாவளாம். இவிய பின்வாசல் வழியா ஓடி வந்திருவாவளாம்!"

ஃபாயிஸா நேரே அடுக்களைக்குப் போனாள். "அம்புட்டும் பொய்யா மாமி?"

மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "கல்யாணமாகி ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் ஆசையா எம்பக்கத்துல உக்காந்தே. ஒண்ணுமில்லன்னே சொல்லிக்கிட்டிருந்தா அஞ்சாம் நாளு வருவியாட்டி?"

ஃபாயிஸா அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டாள். கோபமா வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டு நாள் மாமியின் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு டம்ளர் டீயோடு மாமியே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த கதைக்கு, உங்க மாமாவுக்குக் கான்சாபுரத்துல இன்னொரு குடும்பம் இருந்துச்சுன்னு வச்சுக்கிடுவமா?"

கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் சேக் முகைதீன், பேப்பரை மெல்லக் கீழே இறக்கினார். ஃபாயிஸா பேனாவைத் தேடினாள்.