வேடிக்கை பார்க்க வந்தவள்

விடியுமுன்னே தார் டின்னுக்கு அடியில் நெருப்பு வைத்தால் விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. சாரல். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். தார் போடுகிற எங்களுக்கு எழவு. கண் எரிய எரிய ஊதினேன். பெண்கள் காலில் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஜல்லிக் கூடையோடு நடுங்கி நின்றார்கள்.

"ஈரத்துல தார் ஒட்டாது மொதலாளி. வெயில் வந்த பொறவு போடுவோம்" என்றேன் காண்ட்ராக்டர் அய்யாத்துரையிடம்.

"ஞாயித்துக்கிழம பந்தயம் வே. வெயிலுக்கு நான் எங்க போவேன்? போடும்னா போடும், பலவேசம்."

பந்தயம் என்றால் மோட்டார் பந்தயம். மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்த ஊருக்கு இது புதுசு. அந்தக் காருக்குக் கூரையும் கிடையாது, மட்கார்டும் கிடையாது. சுருட்டு மாதிரி ஒரு உடம்பு, நாலு பக்கமும் சக்கரம் துருத்திக்கொண்டு நிற்கும். வருசத்துக்கு நாலைந்து ஊரில் ஓட்டி, எல்லா ஊர்ப் புள்ளியையும் கூட்டி, கடைசியில் ஒருத்தருக்குக் கோப்பை. ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பாம். சீசன் கூட்டத்தை நம்பி எங்கள் ஊரையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். குற்றாலத்தில் புறப்பட்டு, ஐந்தருவி வளைவு திரும்பி, இலஞ்சி சுற்றி வர வேண்டும். அதற்குத்தான் இந்த அவசரத் தார்.

போட்டோம், வேறென்ன செய்ய? ரெண்டாள் வேலையை ஓராள் பார்த்தோம். கூலி மட்டும் பழைய கூலி. மசூது பாய் நீராவி ரோலரை ஏற்றி ஏற்றி இறக்கினார். உருளை போன கையோடு தார் பிதுங்கியது.

சனிக்கிழமை ஒத்திகை ஓட்டம். தார் கிளம்பினால் மூடுவதற்கென்று எங்களை வளைவிலேயே நிறுத்தினார் அய்யாத்துரை. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மணல் கூடையோடு நின்றோம். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுத் தாரில் பஸ் போனதும், சக்கரம் பிய்த்த இடத்தில் ஓடிப்போய் மணலைக் கொட்டிவிடுவோம். விட்டால் அடுத்த வண்டிக்கு மொத்தமும் உரிந்து வரும். தென்காசி பஸ் ஒன்று போனால் அடுத்தது வர நேரமாகும். அந்த நிதானம் எங்கள் கைகாலில் ஊறிப்போனது. பந்தயக் கார் ஒன்றின் வாலில் இன்னொன்று வரும் என்று ஒரு பயலும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதல் கார் சீறிக்கொண்டு திரும்பியது. தார் பிய்ந்தது. எங்களோடு நின்ற உலகம்மை மணல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி, நில்லுட்டி! பொறத்தால இன்னொண்ணு வருது!" பார்வதியம்மாள் கத்தினாள். உலகம்மை குனிந்துவிட்டிருந்தாள்.

இரண்டாவது கார்க்காரன் ஒடித்துத் திருப்பத்தான் பார்த்தான். தார் வழுக்கியது. மூடியில்லாத சக்கரம் அவள் காலில் ஏறியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கார்க்காரன் இறங்கி, வைக்கோலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஜல்லி லாரியில் அவளைப் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சாயங்காலம் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது அய்யாத்துரை கூசாமல் சொன்னார்: "அவ நம்ம ஆளு இல்ல ஐயா. வேடிக்கை பார்க்க வந்தவ. குறுக்க ஓடிட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் அடிபட்டவள் என்றால் வைத்தியமும் நஷ்ட ஈடும் அவர் தலையில் விடியும். வேடிக்கை பார்த்தவள் என்றால் அவருக்கு ஒரு செலவும் இல்லை. உலகம்மை புருசனை இழந்தவள். அவள் நடந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். காலையும் முறித்துப் போட்டு, அவள் வேலைக்கே வரவில்லை என்கிறானே பாவி!

"அண்ணாச்சி, வருசக்கணக்கா உமக்குக் கூடை சுமந்தவ. சொல்லதுக்கு வாய் கூசல?" என்றாள் பார்வதியம்மாள்.

"அடுத்தாப்ல செங்கோட்டை ரோடும் எனக்குத்தான். வாய மூடிட்டு இருக்கவங்களுக்குத்தான் அங்கன வேல. யோசிச்சிக்கிடுங்க."

ஆஸ்பத்திரியில் உலகம்மையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் என் கையைப் பிடித்தாள். "நான் வேடிக்கை பாக்கவா போனேன் அண்ணே? மணல் போடல்லா போனேன்" என்றாள். அதற்குமேல் யோசிக்க எங்களுக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய, மசூது பாய் ரோலரைக் கொண்டுவந்து ஐந்தருவி வளைவில் குறுக்கே நிறுத்தினார். ரோலர் அடுப்பிலிருந்த கங்குகளையெல்லாம் கீழே இழுத்துத் தள்ளினார். தார் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றி ரோட்டில் உட்கார்ந்தோம். சாரல் முதுகை நனைத்தது.

ஜீப்பில் வந்து குதித்தார் அய்யாத்துரை. "மசூது, எடும்வே உருளைய!"

"நெருப்பு அணைஞ்சு போச்சு மொதலாளி. சாரல்லா? இனி ஆவி ஏற மத்தியானம் ஆயிரும்."

"என்னவே வேணும் உங்களுக்கு?"

"உலகம்மை உம்ம ஆளு, உம்ம வேலையில அடிபட்டான்னு போலீஸ்காரர் முன்னால உம்ம வாயால சொல்லும். உருளைய எடுக்கோம்" என்றேன்.

"மிரட்டுதியளோ? லாரி நிறைய போலீஸ் வருது. வேலைக்கு வந்தவன் பூரா எந்திரிங்கலே!"

பார்வதியம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள்: "இன்னைக்கு நாங்க யாரும் வேலைக்கு வரல அண்ணாச்சி. வேடிக்கை பாக்க வந்திருக்கோம்."

அவர் முகம் செத்துப் போனது. வளைவுக்கு அந்தப் பக்கம் கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. நேற்றைய கார்க்காரன் மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். தூரத்தில் போலீஸ் லாரிச் சத்தம் கேட்டது. அய்யாத்துரை உண்மையைச் சொல்வாரா, எங்களைத் தூக்கிக்கொண்டு போவார்களா, ஒன்றும் தெரியாது.

அப்போது மங்குஸ்தான் விற்கிற மாரித்தாய் வந்தாள். பந்தயத்துக்கு இடைஞ்சல் என்று அவள் கடையைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் கடை இழந்தவர்கள் எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். அய்யாத்துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"தள்ளி உக்காரும் பலவேசண்ணே. நாங்களும் வேடிக்கை பாக்கணும்."

நான் தள்ளி உட்கார்ந்தேன்.