எத்தனாவது மாடி

இறங்கிக்கொண்டே இருக்கிறார் ஜெசிந்தா டீச்சர், முதலில் கழுத்து தணிகிறது, பிறகு தோள், பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு முழங்கால் இரண்டும் மடங்குகின்றன, என் மகள் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்வரை இறங்குகிறார், நான் சாந்துச் சட்டியோடு பிள்ளைகள் படிக்கும் தகரக் கொட்டகை வாசலில் நின்று பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க இப்போது அங்கே இறங்குவது டீச்சர் இல்லை, என் புருஷன் தாண்டவன், நீலச் சட்டையில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருக்க, கட்டடச் சாரத்தில் பிடித்த கையை விட்டுவிட்டு, நின்ற வாக்கிலேயே இறங்குகிறார், ஒவ்வொரு சன்னலுக்கும் நேரே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மாடிக்கு இறங்குகிறார், தரை மட்டும் வருவதே இல்லை, எந்தக் கனவிலும் வந்ததில்லை, விழித்தால் மேலே தகரக் கூரை, பக்கத்தில் கனிஷ்காவின் மூச்சு, அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று இப்போதெல்லாம் கண்டுபிடிக்க முடிவதில்லை, பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அவர் விழுந்த அன்று அவள் பக்கத்துக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தாள், தூங்கியவளை அப்படியே மேஸ்திரி வீட்டாரிடம் விட்டுவிட்டுத்தான் உடம்பை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனோம், எல்லாம் முடிந்து திரும்பி வந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிவந்து என் பின்னால் எட்டிப் பார்த்தாள், அப்பா எங்கேம்மா என்றாள், வாய் தானாகச் சொல்லிற்று, வேற ஊருக்கு வேலைக்குப் போயிருக்காரு கண்ணு, பெரிய பில்டிங்கு. மேஸ்திரி சம்சாரம் முனியம்மாவும் அதுதான் சரி என்றாள், பச்சப்புள்ளகிட்ட போயி செத்த கதையா சொல்லுவாங்க என்றாள், அதனால் கருமாதியில் கழற்றிய தாலிக்கு மாற்றாக வெறும் மஞ்சள் கயிறு ஒன்றை வாங்கி நானே என் கழுத்தில் கட்டிக்கொண்டேன், பொட்டும் வைத்துக்கொண்டேன், பிள்ளைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன், கண்ணாடியில் பார்க்கும்போது புருஷன் உள்ளவள் போலவே இருந்தேன், அது எனக்கும் வேண்டியிருந்தது. அவள் கேட்பதும் நான் சொல்வதும் கொஞ்ச நாள் ஓடிற்று, பிறகு அவள் கேட்பதை விட்டாள், பிறகு சோறு வேண்டும் தண்ணீர் வேண்டும் என்பதையும் விட்டாள், கையைக் காட்டினாள், பிறகு அதையும் விட்டாள்.

என் தம்பி சேட்டு ஓசூரில் வேலை செய்கிறான், யார் குரலையும் அச்சாகப் பேசிக் காட்டுவான், கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் அவனைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், மாமன் மாதிரி பேசுடா என்று என் புருஷனே அவனைத் தூண்டிவிட்டுச் சிரிப்பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவன், புள்ள இன்னும் பேசலியா யக்கா, குடு அதுகிட்ட என்றான், என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமல் கொடுத்தேன், உள்ளே இருந்து அவர் பேசினார், கண்ணூ, சாப்ட்டியா, கடைசியில் இழுக்கிற அந்த இழுப்போடு, கனிஷ்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அப்பா என்றாள், எத்தனை நாளைக்குப் பிறகு கேட்ட அவள் குரல், எத்தனாவது மாடியில இருக்க என்றாள், அவன் ஒரு கணம் தடுமாறி, நாலாவது மாடி கண்ணு என்றான், கீழ வா என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் வந்தது, ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அவன் ஏதோ ஒரு எண் சொல்வான், அவள் கீழ வா என்பாள், போனை வைத்ததும் மறுபடி வாய் மூடிக்கொள்ளும், நானோ அவள் தலையோடு தலை ஒட்டி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன், சனிக்கிழமையே போனைச் சார்ஜில் போட்டு வைப்பேன், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று என்னையே கேட்கப் பயம்.

சைட்டில் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளுக்காக அந்தக் கொட்டகையை ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது, டீச்சர் மாண்டிசோரி படிப்புப் படித்தவராம், அடி கிடையாது அதட்டல் கிடையாது, மூன்று வயதுப் பிள்ளையையும் வாங்க உட்காருங்க என்பார், மேஸ்திரி கேட்டுவிட்டு, கலெக்டரு வர்றாங்க, எல்லாரும் எந்திரிச்சி நில்லுங்கடா என்று கிண்டல் செய்ய, சாரத்தில் இருந்தவர்கள் வரை சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. எட்ட இருந்து கூப்பிட மாட்டார், பக்கத்தில் போய்த் தணிந்துதான் பேசுவார், மூக்கு ஒழுகினால் துடைத்து விடட்டுமா என்று கேட்பார், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை துணியோடு காத்திருப்பார், தண்ணீர் ஊற்றும்போது சிந்தினால் திட்டாமல் துடைக்கிற துணி இருக்கும் இடத்தைக் காட்டுவார், உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்பார், பிள்ளைகள் அதன்மேல் விரலை ஓட்டும், சாயங்காலம் அழைக்கப் போகும் நானும் ஓட்டினேன், அப்படித்தான் எனக்கும் எழுத்து வந்தது, பெயின்ட் அடிக்கும் முன் சுவரைத் தேய்க்க என் புருஷன் கையில் வைத்திருந்த அதே தாள், அதே சொரசொரப்பு. கனிஷ்காவிடமும் டீச்சர் பேசு பேசு என்று ஒருநாளும் சொல்லவில்லை, இன்னிக்குப் பாயை நீங்களே விரிச்சீங்க, பார்த்தேன் என்பார், அவ்வளவுதான், பதில் வராத இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார், அந்தச் சும்மா இருப்பதைப் பார்த்து முனியம்மா, இவங்களுக்குச் சம்பளம் வேற என்று உதட்டைப் பிதுக்கினாள், மாரியம்மனுக்குக் கூழ் ஊத்து, நாக்கு திரும்பும் என்றாள், ஊற்றினேன், திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போனைப் பற்றி டீச்சரிடம் நானாகத்தான் சொன்னேன், பிள்ளை பேசுகிறது என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன், அவர் முகம் மாறியது, என்னையும் கீழே உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்து, கனிஷ்காவுக்கு ஏதோ தெரியுதும்மா, யாரும் சொல்லாததாலதான் கேக்கிறத விட்டுட்டாங்க, உண்மையைச் சின்ன வார்த்தையில சொல்லுங்க, தூங்குறாரு சாமிகிட்ட போயிட்டாருன்னு வேணாம் என்றார். சொன்னா அந்தப் பேச்சும் போயிடுமே டீச்சர் என்றேன், என் குரல் எனக்கே சண்டை போடுவதுபோல் இருந்தது, போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது என்றார், அவர் போகாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். போகும் வழியெல்லாம் டீச்சரைத் திட்டினேன், பெத்திருந்தால் தெரியும் என்று திட்டினேன், அந்த வார ஞாயிறும் போனைக் கொடுத்தேன், பதினொண்ணாவது மாடி என்றான் சேட்டு, கீழ வா என்றாள், பிறகு முதல்முறையாக ஒன்றைச் சேர்த்துக் கேட்டாள், அம்மாவும் அங்க வருமா, சேட்டு போனை வைத்துவிட்டான். அப்புறம் எனக்குத் தனியாகப் போன் செய்து அழுதான், என்னால முடியல யக்கா, முன்னெல்லாம் நான் மாமா மாதிரி பேசுவேன், இப்போ வாயத் தொறந்தா அதுவே வருது, எங்க மேஸ்திரிகிட்ட லீவு கேக்கப் போனா மாமா குரல்ல கேக்குறேன், மாமாவ விட்டுடுக்கா, மேலயே நிக்க வெச்சிருக்கோம் அவர.

முடியல என்றவனேதான் மறு ஞாயிறும் கூப்பிட்டான், போன் அடித்து நின்றது, நான் எடுக்கவில்லை, அவள் வாசலில் நின்று என் கையைப் பார்க்கிறாள், போனைப் பார்க்கிறாள், எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது, கனிஷ்கா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், இப்ப சொல்லட்டுமா என்று கேட்டேன், கேட்டுவிட்டு நின்றேன், பதிலுக்கு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது, வெகுநேரம் கழித்துச் சரியென்று தலையை ஆட்டினாள். நான் இறங்குகிறேன், கழுத்து தணிகிறது, தோள், முழங்கால், நீலச் சட்டையும் என்னோடு இறங்குகிறது, சன்னல் சன்னலாக, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, இறங்க இறங்க ஒரு கணம் காதில் காற்று மட்டும், பிறகு முழங்காலில் சுருக்கென்று ஜல்லிக்கல் குத்திற்று, தரை, தரை வந்துவிட்டது, எதிரே அவள் கண். அப்பா வேலைக்குப் போகல, சாரத்துலேருந்து விழுந்துட்டாரு, செத்துப் போயிட்டாரு, இனி வரமாட்டாரு, போன்ல பேசினது சேட்டு மாமா.

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன், அவள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள், அவள் உயரத்தில் முட்டி போட்டபடி நானும் பார்த்தேன், எவ்வளவு பெரிதாக இருந்தது அது, வானமே தெரியவில்லை. வலிச்சுதா என்றாள், அவளுடைய குரல், போனுக்கு இல்லை, எனக்கு. எனக்குத் தெரியல பாப்பா என்றேன். பிறகு, நீ விழுவியா என்றாள், இதைத்தான் இத்தனை நாளும் உள்ளே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள், மாட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். சேஃப்டி பெல்ட்டு மாட்டாம சாரத்துல ஏற மாட்டேன், மேஸ்திரி குடுக்கலைன்னா ஏறவே மாட்டேன், கீழயே மண்ணு சலிப்பேன் என்றேன். அவளும் என் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள், தினமும் காட்டு என்றாள், மாட்டினதும் எனக்குக் காட்டு. காட்டுறேன் என்றேன், எங்கள் இரண்டு பேர் முழங்காலும் ஒரே தரையில் இருந்தன.