வாயடைத்த வகுப்பு

எண்பத்தாறாம் வருஷம். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பொருளாதார வகுப்பு. பேராசிரியர் ராஜரத்தினம் பாடம் நடத்துகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்றோ எழுதிய குறிப்புகளை இங்கிலீஷில் வாசிப்பார், அவ்வளவுதான். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதுவார்கள். "புரியுதா?" என்பார். "புரியுது சார்" என்று மொத்தமாகக் குரல் வரும். என்ன புரிந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வத்திராயிருப்பிலிருந்து பஸ் மாறி வரும் வெள்ளத்தாய் ஒருநாள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடமெல்லாம் தமிழில் படித்த பெண். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

"சார், எங்க ஊர்ல மாங்கா நெறையக் காய்ச்சா வெலை விழுந்துருது. நீங்க சொல்றது அதானா சார்?"

சரியான கேள்வி. வரத்து கூடினால் விலை இறங்கும் என்பதுதான் அன்றைய பாடம். தமிழில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பே விழித்திருக்கும். அந்த மனுஷனுக்கோ அலுப்பு.

"இங்க என்ன மாங்கா யாவாரமா நடக்கு? உக்காரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பையன்கள் அவளுக்கு 'மாங்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை, மற்றவர்களும் திறக்கவில்லை. தீபாவளி லீவு முடிந்து அவள் வரவேயில்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புல அக்கறையே இல்ல" என்று ராஜரத்தினம் சலித்துக்கொண்டிருந்தார். அப்போது டி.சி. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றார் வெள்ளத்தாயின் அப்பா இருளப்பசாமி.

"ஏங்க படிப்ப நிப்பாட்டுறீங்க?" என்றார் ராஜரத்தினம்.

"நா எங்க சார் நிப்பாட்டுனேன்? அவதான் போவ மாட்டேங்கா. திட்டியும் பாத்தாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு. மில்லுல சேத்துவிடுன்னு ஒரே அழுகை. காரணமும் சொல்ல மாட்டேங்கா. எம்மக என்ன தப்பு சார் பண்ணுனா?"

ராஜரத்தினத்துக்கு அந்த மாங்காய்க் கேள்வி ஞாபகம் வந்தது.

"தப்பு ஒண்ணும் பண்ணலங்க. கேள்விதான் கேட்டா."

"அதுக்குத்தான சார் காலேசுக்கு அனுப்புனேன்?"

கோபமாகக்கூட இல்லை, ஓய்ந்துபோய்க் கேட்டார். ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது.

"கையெழுத்துப் போட மாட்டேன். அவள நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கேன்."

"சொல்லிப் பாக்கேன் சார். வருவாளான்னு தெரியல" என்று இருளப்பசாமி படியிறங்கிப் போனார்.

ராஜரத்தினம் மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார்.

"அக்கறை இல்லாமப் போனது பிள்ளைகளுக்கு இல்லய்யா, எனக்கு. கேள்வி கேட்ட ஒரு பிள்ளய அவமானப்படுத்துனா, மொத்த வகுப்பும் வாயடைச்சுப் போகும்."