கண் சிமிட்டச் சொன்ன போன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிரே நிற்கிற மனிதன் யாரென்று கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. போன் சொல்ல வேண்டியிருக்கிறது. வலன்ரைன் நாற்பது வருடம் கண்டிச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கியவர். ஒரு முதலாளியாவது "நீ வலன்ரைன்தானா, நிரூபி" என்று கேட்டதில்லை. இப்போது, எழுபத்து மூன்று வயதில், பெற்ற மகள் கேட்க வைத்துவிட்டாள்.

கொழும்பில் வேலை செய்யும் ஷிராணி இத்தனை நாளும் காசை உறையில் போட்டு, கண்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவாள். இவர் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வார். இந்தமுறை கண் ஒப்பரேஷனுக்கான காசு. திங்கள் காலை கட்டாவிட்டால் இவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"அவ்வளவு காசைக் கண்டக்டர்கிட்ட குடுக்கிறது பாதுகாப்பில்லப்பா. போன்லயே அனுப்புறேன், நீங்க போன்ல காசு வாங்குற கணக்கு ஒண்ணு பதிஞ்சுக்குங்க" என்றாள்.

ஆகவே சனிக்கிழமை காலை, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ரிஸ்னாவின் போட்டோ கொப்பிக் கடைக் கதிரையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ரிஸ்னா அவருடைய அடையாள அட்டையை முன்னும் பின்னும் தன் போனில் படம் பிடித்தாள். பிறகு மெஷினில் வைத்து ஒரு கொப்பியும் எடுத்தாள்.

"போன்ல எடுத்தாச்சே, இது எதுக்கு?"

"அது கம்பனிக்கு அங்கிள். இது சும்மா, கைக்கு இரிக்கட்டும்."

பக்கத்துக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் யோசப்பின் சிரித்தார். "சும்மா சந்தேகப்படாதீங்க வலன்ரைன். நான் ரெண்டு வருசமா இந்தக் கணக்க வச்சிருக்கேன். நம்ம விசயம் ஒண்ணும் வெளியில போகாது."

ரிஸ்னா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கண்ணச் சிமிட்டுங்க."

சிமிட்டினார். போன் ஏற்கவில்லை.

"ரெண்டு கண்ணையும், அங்கிள். எடது கண் நீங்க சிமிட்டினது அதுக்கு வெளங்கல்ல."

"அந்தக் கண்ணு சரியா இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

நான்கு முறை முயன்று, ஐந்தாவதில் டீச்சர் விரலால் இமையைக் கீழே தள்ளிவிட்டபோது போன் திருப்தியடைந்தது. உடனே வலன்ரைனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ரிஸ்னா உரக்க வாசித்தாள்: "இந்த எண்ண யாருக்கும் செல்ல வாணாம்." அந்தப் போனை அவரிடம் நீட்டி, "என்ன எண் அங்கிள், செல்லுங்க" என்றாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான் நீயே வாசிச்ச."

"எனக்குச் செல்லலாம்."

அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து ஆறு இலக்கத்தையும் வகுப்பறைக் குரலில் ஒப்புவித்துவிட்டார். அடுத்தது இரகசிய எண். அதை ரிஸ்னாவே வைத்தாள்; வைத்து, ஒரு கொப்பிப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டாள்.

"எல்லாரும் மறந்திட்டு வந்து நிப்பாங்க. இந்த ரோட்டில உள்ள எல்லாருட எண்ணும் இதில இரிக்கி. பத்திரம்."

"காசு எப்ப வரும்?"

"கம்பனிக்காரங்க உங்களச் சரிபாத்து ஏத்துக்கணும். ரெண்டு நாள் சுணங்கும். சில நேரம் செவ்வாக்கிழமையும் ஆகும்."

செவ்வாய்க்கிழமை வரும் காசுக்குக் கண் காத்திருக்காது. எரிச்சலோடு வெளியே வந்தவர், வாசலில் நின்ற கடலைக்கார அழகமுத்துவின் வண்டியில் ஒரு காகிதச் சுருள் கடலை வாங்கினார். பாதி தின்றபோது சுருளிலிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நல்ல கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். எண்ணெய்க் கறைக்கு நடுவில் டீச்சரின் முகம். பெயர், அட்டை எண், பிறந்த திகதி எல்லாம் இருந்தன. கோயிலில் அறுபத்து நாலு என்று சொல்லித் திரிகிற டீச்சருக்கு அட்டைப்படி எழுபது.

"இந்தத் தாளு ஏது?"

"ரிஸ்னா கடையில கட்டுக் கட்டா குடுப்பாங்கண்ணே. பேப்பர் இப்ப வெல. இது மொத்தமான தாளு, எண்ணெ ஊறாது."

வலன்ரைன் திரும்பிக் கடைக்குள் போனார். மீதிக் கடலையைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, தாளை டீச்சரிடம் நீட்டினார்.

"உங்க விசயம் வெளியில போயிருக்கு டீச்சர். ரொம்பத் தூரமில்ல, வாசல் வரைக்கும்தான்."

டீச்சர் பார்த்துவிட்டு, யாரும் பிறந்த திகதியைப் பார்க்குமுன் நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார்.

"அது கறுப்பு விழுந்து கழிச்ச கொப்பி, அங்கிள்" என்றாள் ரிஸ்னா. "நல்ல கொப்பியெல்லாம் பத்திரமா வச்சிரிக்கன்."

வலன்ரைன் மேசையில் கிடந்த தன் கொப்பியை எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று மகளை அழைத்தார்.

"காசைக் கண்டக்டர்கிட்டயே குடு."

"அவரு பேரு கூட உங்களுக்குத் தெரியாதுப்பா!"

"அவனுக்கும் என் பேரு தெரியாது. மூஞ்சி தெரியும். காசு குடுக்க அது போதும்."

"சரி, நாளைக்கு மொத பஸ்ல" என்றாள்.

அவர் போனை வைத்ததும் அது கிணுகிணுத்தது. ரிஸ்னா எட்டிப் பார்த்துத் துள்ளினாள். "அங்கிள்! ஏத்துக்கிட்டாங்க! நீங்க நீங்கதான்னு வந்திரிச்சி!"

"அதைத்தான் நான் காலையில வந்தப்பவே சொன்னேன்."

போனைப் பையில் போட்டார். கடலையை மென்றபடி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். வழியில் தன் கொப்பியைச் சுக்குநூறாகக் கிழித்து, பாதியை ஒரு குப்பைத் தொட்டியிலும், மறுபாதியை அடுத்த தொட்டியிலும் போட்டார்.