பொழுதடங்கும் முன் ஒரு தட்டு

அம்சா வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ரேடியோவில் செய்தி முடிந்த பிறகுதான். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை எங்கள் ஜன்னலைத் தேடி வரும்போது நானும் அவரும் சாப்பிட்டுக் கை கழுவிப் பாயே விரித்திருப்போம். நாங்கள் சமணர்கள். ஊரில் நைனார் வீடு என்பார்கள். பொழுது அடங்கிவிட்டால் ஒரு பருக்கை வாயில் படக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அவர்கள் எப்போது சாப்பிட்டால் எனக்கென்ன என்றுதான் அத்தனை வருஷமும் இருந்தேன்.

அப்படிப்பட்ட அம்சா, கார்த்திகை மாதத்தில் ஒருநாள், சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்குவதற்கு முன்பே, மூடி போட்ட தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பின்னறை என்றால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் ஏர்க் கயிறும் கிடக்கிற இடம். மனுஷர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடமில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். திரும்பி வரும்போதும் தட்டு மூடியே இருந்ததால் உள்ளே யார் எவ்வளவு தின்றார் என்று தெரியவில்லை.

இந்த ஏரிக்கரையில் பொழுதோடு சாப்பிடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி ஜன்னலில் நிற்கிறேன். இன்னொருவரை விழுப்புரத்தில் எரித்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும். நான் பார்க்கவில்லை. அது எண்பத்தைந்தாம் வருஷத்து மழை. அவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி. அன்றைக்கு மழைக்காக மண்டியைச் சீக்கிரமே சாத்திவிட்டு பஸ் ஏறி வந்தார். எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, அம்சா புருஷன் சக்கரபாணியின் வீடு மேட்டில். ஏரித் தண்ணீர் எங்கள் தோட்டத்துத் துவைக்கிற கல்லைத் தொட்டுவிட்டது. "கலங்கல பாத்துட்டு வந்துடறேன், குணமதி. வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று குடையோடு போனார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம்தான் கலங்கல். போனவர் வரவில்லை. குடை மட்டும் கருவேல முள்ளில் மாட்டியிருந்தது. வழுக்கி விழுந்திருப்பார் என்று ஊர் முடிவு கட்டியது. பல நாள் கழித்து, விழுப்புரம் பக்கம் ஏதோ ஓடைப் பாலத்தடியில் ஒரு உடம்பு கிடைத்தது. என் அண்ணன் மல்லிநாதன் போய்ப் பார்த்து, ஆமாம் என்று சொல்லி, அங்கேயே காரியத்தை முடித்துவிட்டு வந்தான். "நீ பாக்க வேணாம்" என்றான். என் புருஷன் முகத்தை நான் பார்க்க வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. தட்டைப் பார்த்த பிறகு தோன்றியது.

ஒரு தட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒருத்தி குழம்புவாளா என்று கேட்கலாம். தட்டு மட்டுமில்லை. எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற முனியம்மாள் ஒருநாள் சாம்பலும் கையுமாகச் சொன்னாள்: "அம்சாவுக்கு இன்னாவோ ஆயிடிச்சிம்மா. ஒரு சின்ன சட்டியில வெங்காயம் போடாம, பூண்டு போடாம தனியா கொழம்பு வெக்கிது. குடிக்கிற தண்ணிய வெள்ளத் துணியில வடிகட்டுது, உங்கள மாதிரியே. கேட்டா, வேண்டுதலுன்னுது."

தண்ணீரை வடிகட்டுவது நாங்கள். பூச்சி புழு சாகக் கூடாது என்று செய்வது. எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டால் தண்ணீரை வடிகட்டச் சொல்லும்?

அதே வாரத்தில் அம்சாவே வேலியோரம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பூசணிக்கா சேத்துக்குவீங்களா நீங்க?"

"சேத்துக்குவோம். எதுக்கு?"

"சும்மாதான்க்கா. உருளக்கெழங்கு?"

"மண்ணுக்கடியில வெளையிறது எதுவும் ஆவாது. யாருக்கு அம்சா?"

"அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன்" என்று ஓடினாள். அவர்கள் மாடு சினையாக இருந்தது, பால் கறந்து மாதமாகிறது. பொய் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா?

பிறகு அவர்கள் கொடியில் ஒரு புது வேட்டி காய்ந்தது. மில் வேட்டி, பச்சைக் கரை, அவர் கட்டுகிற தினுசு. பிறகு ஒரு சாயங்காலம் பின்னறையிலிருந்து இருமல் கேட்டது. ஆம்பிளை இருமல். சக்கரபாணி அப்போது மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருந்தான், என் கண்ணாலேயே பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன். அன்றைக்குப் பொழுது அடங்கியதுகூடத் தெரியாமல் போயிற்று, பட்டினி.

உயிரோடுதான் இருக்கிறார். இதில் சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் சந்தோஷம் வருவதற்குள் கேள்வி வந்துவிடுகிறது. உயிரோடு இருக்கிறவர் இருபது அடி தள்ளி இருக்கிற பெண்டாட்டியிடம் வராமல் மல்லாட்டை மூட்டை நடுவில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? அம்சா பார்க்க லட்சணமானவள்தான். ஆனால் புருஷன்காரன் தோட்டத்துப் பக்கம் நடமாடிக்கொண்டிருக்க எவளாவது அப்படிச் செய்வாளா? ஒருவேளை தலையில் அடிபட்டு, யார் எவர் என்று தெரியாமல் இருக்கிறாரோ? அப்படியென்றால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? பூட்டி வைத்திருக்கிறார்களோ? எதற்குப் பூட்ட வேண்டும், பூட்டி வைத்துப் பூசணிக்காய்க் குழம்பு ஊற்றுகிறவன் உலகத்தில் உண்டா? காலையில் அவர் மேல் இரக்கமாக இருக்கும். சாயங்காலம் தட்டு போகும்போது ஆத்திரமாக இருக்கும். உயிரோடு மட்டும் இருக்கட்டும், நானே கொன்றுவிடுகிறேன் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எறும்பைக்கூட விலக்கி நடக்கிற ஜாதியில் பிறந்து என்ன நினைப்பு இது?

மல்லிநாதன் விழுப்புரத்திலிருந்து வந்தான். வந்ததும் வராததுமாக, "ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கினு வர்றேன். சாமான கட்டி வெய்யி. வூட்ட வாடகைக்கு வுட்டுரலாம்" என்றான்.

"அண்ணா, அன்னிக்கு நீ மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்னு சொன்னேன் இல்ல?"

"காதுக்குக் கீழ மரு இருந்துதா?"

அவன் செம்பை எடுத்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்தான். "அத்தினி நாள் தண்ணியில கெடந்த ஒடம்பு, குணா. மொகம்னு எதச் சொல்றது? வேட்டி ஓரத்துல சலவைக் குறி இருந்துது. நம்ம வூட்டுக் குறிதான். நானே பாத்தேன்."

எனக்குச் சிரிப்புகூட வந்தது. கரை கொஞ்சம் வெளுத்தாலே வேட்டியைத் தூக்கிச் சக்கரபாணிக்குக் கொடுத்துவிடுவார் இவர். வயலுக்கு ஆகும் என்பார். எங்கள் குறி போட்ட வேட்டி இந்த ஊரில் எத்தனை இடுப்பில் ஏறியிருக்கிறதோ. அப்படியென்றால் அண்ணன் எரித்தது யாரை?

"அவரு பக்கத்து வூட்டுல இருக்காரு அண்ணா" என்றேன்.

மல்லிநாதன் என்னை வெகுநேரம் பார்த்தான். பேய் அறைந்தவளைப் பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாக, "அதுக்குத்தான் சொல்றேன், இங்க இருக்காதேன்னு. தனியா ஏரியப் பாத்துக்கினே இருந்தா யாருக்குமே புத்தி பேஜாராத்தான் பூடும்" என்றான். அவன் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கொடுமை. அவன் பேசினால் அவன் சொல்வது சரி, தட்டைப் பார்த்தால் தட்டு சொல்வது சரி.

ஞாயிற்றுக்கிழமை நான் வண்டி ஏறிவிட்டால் அவரை அந்த அறையில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அர்த்தம். அது மட்டும் தெளிவாக இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரிக்க வேண்டியதுதான். சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், அம்சா தட்டோடு படியிறங்கியதும் நான் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனேன். புருஷனை இழந்தவள் இன்னும் வருஷம் திரும்பாமல் அடுத்த வீட்டுக்குள் நுழையலாமா என்று ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, பேசட்டும்.

அம்சா என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, வேணாங்க்கா. உள்ள போவாதீங்க" என்று கதவுக்குக் குறுக்கே வந்தாள். இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால் அவளால் என்னைத் தடுக்க முடியவில்லை. நான் கதவைத் தள்ளினேன்.

உள்ளே மூட்டைகளை ஒதுக்கிச் சாணம் மெழுகியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் எங்கள் வீட்டு வேட்டி. பழசு, ஓரத்தில் குறி தெரிந்தது.

"என்னங்க" என்றேன். அத்தனை நாளாகக் கூப்பிடாத வார்த்தை.

ஆள் திரும்பினார். சக்கரபாணி.

அவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு முன்னால் ஒரு பலகை. பலகை மேல் அந்தப் புது வேட்டி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் அகல் விளக்கு, துணி கட்டிய சொம்பில் தண்ணீர். வேறு யாரும் இல்லை. அன்றைக்கு இருமியதும், வயலுக்குப் போய்விட்டு எனக்குத் தெரியாமல் திரும்பி வந்த இவன்தான் போலிருக்கிறது. மூட்டைக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்தேன். அங்கே எலிப்பொறி இருந்தது.

"எங்க அவரு?" என்று கேட்டேன். அம்சா தட்டைப் பலகைக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். சோறு, பூசணிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். அப்போதுதான் புரிந்தது. படையல் எனக்குத் தெரியாததில்லை. செத்தவர்களுக்குப் பிடித்த கறியும் மீனும் இலையில் போட்டு அமாவாசைக்குக் கும்பிடுவார்கள், அவர்கள் வீட்டுச் செத்தவர்களுக்கு. எங்கள் வீட்டு மனிதருக்கு, எங்கள் பத்தியத்தோடு, எங்கள் நேரத்தில், தினம் தினம் போடுவார்கள் என்று நான் எப்படிக் கண்டேன்?

"உங்காளுங்க செத்தவங்களுக்குப் படைக்க மாட்டீங்களாமே அக்கா, முனியம்மா சொல்லிச்சி" என்றாள் அம்சா. "இவரு கண்ண மூடினா நைனாரு வந்து பசிக்குதுன்றாராம். சோறு எறங்கல இவருக்கு. அதான் நானு…"

"எங்க வூட்டுக்காரரு உங்க வூட்டுக்காரருகிட்ட ஏன் வரணும்?"

சக்கரபாணி விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நடவுக்குத் தண்ணி நிக்கட்டும்னு கலங்கல் மேல மண்ணு மூட்ட அடுக்கி வெச்சிருந்தோம்மா. நைனாரு வந்து, எங்கூட்டுக்குத் தண்ணி வந்துடுச்சி, எடுங்கன்னாரு. சரின்னு ரெண்டு பேருமாத்தான் எடுத்தோம். ஒரு மூட்ட நவுந்துச்சி, தண்ணி இழுத்துடுச்சி. என் கைய புடிச்சிக்கினாரு. நானும் புடிச்சிக்கினுதான் இருந்தேன். என் காலும் வழுக்கிச்சி. அப்ப…"

"அப்ப?"

"வுட்டுட்டேம்மா."

ஏரியிலிருந்து நாரைகள் கத்திக்கொண்டு போயின. அம்சா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் மண்ணை வாரித் தூற்றுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தக் கையை வெட்ட வேண்டும் என்றும் வந்தது. அது அவர் கடைசியாகப் பிடித்த கை, அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தர்மத்தில் உயிர் ஒரு கணம்கூட நிற்காது. உடம்பை விட்டதும் வேறு பிறவி எடுத்துவிடும். பசியோடு அலைகிறவர் என்று யாரும் கிடையாது. படையல் வேண்டாம், நிம்மதியாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். இவ்வளவுதான், சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வாயைத் திறந்தேன். ஆனால் அதைச் சொன்னால், அவர் செத்துவிட்டார், எங்கேயோ யாருக்கோ பிள்ளையாகப் பிறந்துவிட்டார், இனி அவருக்கு என் பேர்கூடத் தெரியாது என்று நான் என் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். குழம்பில் ஒரு விரலை வைத்து நாக்கில் தடவிப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"புளி தூக்கலா இருக்கு அம்சா" என்றேன். "அவருக்கு நெஞ்சு எரியும். நாளைக்குக் கொஞ்சம் கம்மியா ஊத்து."